ஒரு தலைவர், மூன்று விசாரணைகள்

சட்டத்தை மதிப்பவனுக்குச் சட்டம் பாதுகாப்பளிப்பது இயல்பு. சட்டத்தையே ஏற்க மறுப்பவனுக்கு, நீதிமன்றங்களைத் தகர்த்தெறிய வேண்டும் என்று படை திரட்டியவனுக்கு, அதே சட்டம் பாதுகாப்பளிக்க வேண்டுமா? ஆயிரக்கணக்கான ஏழை எளியவரின் குருதிக்குப் பொறுப்பான ஒருவனைப் பிடித்துவிட்டால், அவனுக்கென வழக்கறிஞர் எதற்கு, சாட்சி எதற்கு, மேல் முறையீடு எதற்கு? உடனே தண்டித்துவிட்டால் என்ன? இக்கேள்விகள் இன்று நேற்று எழுந்தவையல்ல. ஆயினும், தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் இவை ஏட்டளவில் நில்லாமல், ஒரு மனிதரின் வழக்கில் மெய்யாகவே விடை காணவேண்டிய கேள்விகளாயின. அம்மனிதர் அபிமாயேல் குஸ்மான். 'ஒளிரும் பாதை' என்னும் தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவின் தலைவர். அவரைப் பெரு நாடு ஒருமுறையன்று, மும்முறை நீதிமன்றத்தில் நிறுத்தியது. ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெரு நாடு மூன்று நெடிய பட்டைகளாக அமைந்தது. மேற்கே பசிபிக் கடலையொட்டிய வறண்ட கரை. தலைநகர் லீமா அங்கேதான் உள்ளது. நடுவே ஆண்டீஸ் மலைத் தொடர். கிழக்கே அமேசான் பெருங்காடு. கரையிலுள்ளோர் பேசுவது ஸ்பானிய மொழி. மலையில் வாழும் உழவர் பெருமக்களின் தாய்மொழியோ கெச்சுவா. ஆட்சி, பள்ளி, நீதிமன்றம், செல்வம் அனைத்தும் ஸ்பானிய மொழியோடு பிணைந்திருந்தன. மலைநாட்டின் ஏழைப் பகுதிகளுள் ஒன்று ஆயாகுச்சோ. அந்நகரில் 1677 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடப்பட்ட உவாமங்கா பல்கலைக்கழகம், 1959 இல் மீண்டும் திறக்கப்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த உழவர் பிள்ளைகள் அங்கே திரண்டனர். 1962 இல் அங்குத் தத்துவ ஆசிரியராக வந்து சேர்ந்தார் குஸ்மான்.

அவர் 1934 டிசம்பர் 3 இல் தென்கடற்கரையிலுள்ள மொல்லெண்டோவுக்கு அருகே பிறந்தவர். அரெக்கிப்பா நகரில் தத்துவமும் சட்டமும் பயின்றவர். ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட் என்பாரின் கொள்கையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். அமைதியான தோற்றம், ஆழ்ந்த படிப்பு, அடுக்கடுக்காக வாதங்களை நிறுத்தும் நாவன்மை ஆகியவை மாணவரை அவர்பால் ஈர்த்தன. சோவியத் நாட்டுக்கும் சீனாவுக்கும் இடையே எழுந்த பிளவு பெரு நாட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியையும் 1964 இல் இரண்டாக்கியது. குஸ்மான் சீனப் பக்கம் நின்றார். அந்நாட்டுக்குச் சென்று பயிற்சியும் பெற்றார். 1970 இல் தமக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்தார். மரியாத்தெகி என்னும் பெரு நாட்டுச் சிந்தனையாளர் 1930 இல் மறைந்தவர். அவர் காட்டிய ஒளிமிக்க பாதையில் செல்பவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டதால் 'ஒளிரும் பாதை' என்னும் பெயர் இக்குழுவுக்கு நிலைத்தது.

இக்குழுவின் முதல் அணியினர் பசியால் வாடிய உழவர்கள் அல்லர் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். கிராமப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர்கள். படித்துப் பட்டம் பெற்றும் தக்க வேலை கிடைக்காத நிலை. ஊருக்குத் திரும்பினால் அங்கே வறுமை. லீமாவுக்குச் சென்றால் மலைநாட்டான் என்ற ஏளனம். இவ்வாறு இரு கரையிலும் நிற்க இடமின்றித் தவித்த இளைஞனுக்கு, உலகத்தின் புதிர்கள் அனைத்தையும் ஒரே சூத்திரத்தால் விளக்கிவிடும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். அந்தச் சூத்திரத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஆகவே இரக்கத்துக்கும் இடமில்லாது போயிற்று. நாளடைவில் தொண்டர்கள் அவரைத் 'தலைவர் கொன்சாலோ' என்று அழைத்தனர். மார்க்ஸ், லெனின், மாவோ ஆகிய மூவர்க்குப் பின் தோன்றிய நான்காம் வாள் என்று போற்றினர். மனிதர் ஒருவரைச் சுற்றி வழிபாடு வளர்ந்தால், அவர் சொல்லைச் சோதிப்பார் எவரும் எஞ்சுவதில்லை.

1968 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெரு நாட்டை இராணுவம் ஆண்டது. 1980 மே 18 அன்று மக்கள் மீண்டும் வாக்களிக்க இருந்தனர். நாடு குடியாட்சிக்குத் திரும்பும் அந்நாளுக்கு முன்னாள், ஆயாகுச்சோ பகுதியிலுள்ள சுஸ்சி என்னும் சிற்றூரில் சிலர் நுழைந்து வாக்குப் பெட்டிகளைக் கொளுத்தினர். அதுவே 'ஒளிரும் பாதை'யின் போர்ப் பிரகடனம். கொடுங்கோலரசை எதிர்த்து எழுந்த கலகம் அன்று அது. தேர்தலை எதிர்த்து எழுந்த கலகம். லீமாவில் இருந்தோர் அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. 1982 மார்ச்சில் ஆயாகுச்சோச் சிறையைத் தாக்கித் தம் தோழர்களை விடுவித்தபோதுதான் தலைநகரம் விழித்தது. அவ்வாண்டு இறுதியில் இராணுவம் மலைக்கு அனுப்பப்பட்டது.

இதன்பின் நிகழ்ந்தவை நெஞ்சைப் பிளப்பவை. எந்த உழவர்க்காகப் போர் தொடுப்பதாகக் குழுவினர் கூறினரோ அந்த உழவர்களே முதற்பலியாயினர். சந்தைகளை மூடு, விளைச்சலைக் குறை, ஊர்ப் பெரியவர்களை ஒழி என்று ஆணைகள் பிறந்தன. எதிர்த்த ஊர்கள் தண்டிக்கப்பட்டன. 1983 ஏப்ரல் 3 அன்று லுக்கானமார்க்கா என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 69 பேர் கொல்லப்பட்டனர். கோடரியும் வெட்டுக் கத்தியும் கொண்டு கொன்றனர். மாண்டவருள் பச்சிளங் குழந்தைகளும் இருந்தனர். அவ்வூரார் செய்த பிழை, தங்களைத் துன்புறுத்திய குழுத் தளபதி ஒருவனைக் கொன்றதுதான். ஐந்தாண்டுகள் கழித்து, 1988 இல், பத்திரிகை ஒன்றுக்கு அளித்த நெடிய பேட்டியில், அந்தச் செயலை மத்தியத் தலைமையே திட்டமிட்டது என்று குஸ்மான் தம் வாயாலேயே சொன்னார். இந்த ஒப்புதல் பின்னால் எவ்வளவு முக்கியமாயிற்று என்பதைக் காண்போம்.

அரசாங்கத் தரப்பும் கறையற்றதாக இல்லை. கெச்சுவா பேசும் ஒவ்வோர் உழவனையும் கலகக்காரனாகவே கண்டது இராணுவம். 1985 ஆகஸ்டு 14 அன்று அக்கோமார்க்கா என்னும் ஊரில் இராணுவத்தினர் பெண்களும் குழந்தைகளும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். 1986 ஜூனில் லீமாச் சிறைகளில் கலகம் செய்த கைதிகள் இருநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டனர்; சரணடைந்த பின்னும் பலர் சுடப்பட்டனர். ஒரு புறம் கத்தி, மறுபுறம் துப்பாக்கி. இடையில் சிக்கிய மலைநாட்டு மக்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டு நகரங்களை நோக்கி ஓடினர்.

1990 இல் ஆல்பெர்த்தோ புஜிமோரி குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1992 ஏப்ரல் 5 அன்று அவர் இராணுவத்தின் துணையுடன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்; நீதித்துறையையும் தம் கைக்குள் கொண்டுவந்தார். அடுத்த மாதமே பயங்கரவாதக் குற்றங்களுக்கெனப் புதிய அவசரச் சட்டங்கள் பிறந்தன. அதே ஆண்டில் 'ஒளிரும் பாதை' தலைநகரின் மீதான தாக்குதல்களைத் தீவிரப்படுத்தியிருந்தது. பிப்ரவரியில், ஏழைகள் வாழும் புறநகரொன்றில் மகளிர்க்கும் பொது உணவுக்கூடங்களுக்கும் தலைமை தாங்கிய மரியா எலேனா மொயானோ என்னும் பெண்மணியைக் கொன்றது. ஜூலை 16 அன்று, மிராபுளோரெஸ் பகுதியின் தராத்தா தெருவில் வெடித்த குண்டு 25 உயிர்களைக் குடித்தது. நாடு நடுங்கியது. அந்நடுக்கத்தில், வலுவான கை ஒன்று போதும், சட்டம் பின்னால் வரட்டும் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் குஸ்மானைப் பிடித்தது அந்த வலுவான கையன்று. காவல்துறையில் 1990 இல் அமைக்கப்பட்ட சிறியதொரு புலனாய்வுக் குழுவே அதனைச் செய்தது. அக்குழுவினர் சித்திரவதையையும் கண்மூடித்தனமான கைதுகளையும் நாடவில்லை. ஐயத்துக்குரியவரைப் பின்தொடர்வது, பொறுத்திருப்பது, கிடைத்த தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, இவையே அவர்கள் முறை. லீமாவின் சுர்க்கியோ பகுதியில் ஒரு வீடு. கீழே இளம் பெண்ணொருத்தி நடனப் பள்ளி நடத்திவந்தாள். அவ்வீட்டுக் குப்பையை நாள்தோறும் எடுத்துச் சோதித்தனர். அங்கே வாழ்வதாகக் கூறப்பட்டோர் தொகைக்கு அந்தக் குப்பை மிகுதி. அதில் குஸ்மான் விரும்பிப் புகைக்கும் வகையைச் சேர்ந்த சிகரெட்டுத் துண்டுகள் கிடந்தன. அவரைப் பீடித்திருந்த சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்குரிய மருந்துக் குழாய்களும் கிடந்தன. 1992 செப்டம்பர் 12 இரவு வீட்டினுள் புகுந்தனர். மாடியில் குஸ்மானும் அவருடைய துணைவி எலேனா இபார்ராகிர்ரேயும் இருந்தனர். ஓர் உயிரும் போகாமல் அனைவரும் பிடிபட்டனர். பல ஆண்டுக் காலப் படையெடுப்பால் முடியாத செயலைக் குப்பைக் கூடையைப் படித்தறிந்த பொறுமை முடித்தது.

இனித்தான் நம் கேள்வி தொடங்குகிறது. பிடிபட்டவரை என்ன செய்வது? செப்டம்பர் 24 அன்று, உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில், கறுப்பு வெள்ளைக் கோடிட்ட கைதியுடை அணிவித்து, பெரிய இரும்புக் கூண்டொன்றில் குஸ்மானை நிறுத்திக் காட்டினர். கேலிச் சித்திரங்களில் மட்டுமே காணும் உடை அது. அவரோ கூண்டுக்குள் நின்றபடி முழங்கினார். விசாரணைக்கு முன்பே தண்டனை தொடங்கிவிட்டது என்பதை அக்காட்சி உலகுக்கு அறிவித்தது. அக்டோபர் 7 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிடிபட்ட நாளிலிருந்து எண்ணினால் இருபத்தைந்து நாள்கள்!

விசாரித்தது இராணுவ நீதிமன்றம். நீதிபதிகள் முகத்தை முழுவதும் மறைக்கும் முகமூடி அணிந்திருந்தனர். 'முகமற்ற நீதிபதிகள்' என்று பெரு நாட்டார் இவர்களை அழைத்தனர். தாய்நாட்டுத் துரோகம் என்னும் குற்றத்துக்கு இராணுவ நீதிமன்றம்; பயங்கரவாதம் என்னும் குற்றத்துக்குச் சிவில் நீதிமன்றம். இரண்டிலும் நீதிபதியின் பெயரும் முகமும் மறைவு. சிவில் நீதிமன்றங்களில் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் நீதிபதி அமர்ந்திருப்பார். குரலைத் திரித்துக் காட்டும் ஒலிபெருக்கி வழியே கேள்வி வரும். கைதியைப் பிடித்து வாக்குமூலம் வாங்கிய காவலரைக் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்புக்கு உரிமையில்லை. ஒரு வழக்கறிஞர் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் இத்தகைய வழக்கில் வாதாடவும் கூடாது. குஸ்மானுக்காக வாதாடிய வழக்கறிஞரே பின்னர் முகமற்ற நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு அரசாங்கம் கூறிய காரணத்தையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். நீதிபதிகளுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சிலர் கொல்லவும் பட்டனர். அஞ்சிய நீதிமன்றங்கள் பலரை விடுதலை செய்தன. ஆதாரம் திரட்டத் தெரியாத காவல்துறையால் வழக்குகள் சரிந்தன. ஆகவே நீதிபதியின் உயிரைக் காக்க முகத்தை மறைத்தோம் என்றனர். இது வெறும் சாக்கு அன்று, உண்மையான இடர்ப்பாடே. ஆனால் நீதிபதியின் உயிரைக் காப்பதற்குக் காவல் வேண்டும், பாதுகாப்பான இல்லம் வேண்டும், பாதுகாப்பான நீதிமன்றக் கட்டடம் வேண்டும். அவற்றைச் செய்யாமல் முகத்தை மறைப்பது, உயிரோடு சேர்த்து நடுநிலைமையையும் மறைத்துவிடுகிறது. முகமூடிக்குப் பின்னே இருப்பவர் சட்டம் கற்றவரா, வெறும் படை அதிகாரியா? வழக்கில் பகைமை உடையவரா, கைதியைப் பிடித்தவரின் மேலதிகாரியா? அறிய வழியில்லை. அறிய வழியில்லாத இடத்தில் ஆட்சேபிக்க வழியேது?

நீதி விசாரணை என்பது யாது? குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மீது கூறப்படும் குற்றம் இன்னது என்று தெளிவாக அறிய வேண்டும். தம்மை விசாரிப்பவர் யார் என்று அறிய வேண்டும். தமக்கெதிரான சாட்சியை நேருக்கு நேர் வினவ வேண்டும். தம் தரப்பை எடுத்துரைக்கக் காலமும் வழக்கறிஞரும் வேண்டும். விசாரணை ஊரறிய நடத்தல் வேண்டும். தீர்ப்புக்குக் காரணம் கூறப்படல் வேண்டும். அதனை மேல்மன்றம் ஆராய வழி வேண்டும். இவை குற்றவாளிக்குக் காட்டும் சலுகைகள் என்று பலர் நினைக்கின்றனர். அன்று, இவை உண்மையைக் கண்டறியும் கருவிகள். துலாக்கோலின் நடுமுள் நேரே நிற்கிறதா என்று பார்ப்பது பொருளுக்குக் காட்டும் தயவு ஆகுமா? எடை சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்யும் சோதனை அது.

இக்கருவிகளை எறிந்துவிட்டால் என்னாகும் என்பதற்குப் பெரு நாடே சான்று. குஸ்மான் குற்றமிழைத்தவர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அவருக்கென இயற்றிய சட்டம் அவரோடு நிற்கவில்லை. அதே முகமூடிகளின் முன் ஆயிரக்கணக்கானோர் நிறுத்தப்பட்டனர். தண்டனைக் குறைப்பை விரும்பிய கைதி ஒருவன் யாரோ ஒருவர் பெயரைச் சொன்னால் போதும். அவர் வாழ்வு முடிந்தது. கலகக்காரர்கள் துப்பாக்கி முனையில் சோறு கேட்க, அஞ்சிச் சோறிட்ட உழவனும் பயங்கரவாதியானான். அநீதி மிகுந்துவிட்டதை அரசாங்கமே மறைக்க முடியாமற் போயிற்று. 1996 இல் ஒரு தனிக் குழு அமைக்கப்பட்டு வழக்குகள் மீண்டும் ஆராயப்பட்டன. சிறைக் கைதிகளுக்காகப் பல்லாண்டு உழைத்த ஊபெர்ட் லான்சியர்ஸ் என்னும் பாதிரியாரும் அதில் ஓர் உறுப்பினர். அக்குழுவின் பரிந்துரையால் ஐந்நூறு பேர் அளவில் விடுதலை பெற்றனர். செய்யாத குற்றத்துக்கு அவர்கள் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? அவர்கள் பெற்றது 'மன்னிப்பு' என்று ஏட்டில் எழுதப்பட்டது. குற்றமற்றவரை மன்னிப்பதா என்று பலர் மனம் புழுங்கினர்.

முகமற்ற நீதிபதிகள் ஏற்பாடு 1997 இல் முடிவுற்றது. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடி அமைத்த மனித உரிமை நீதிமன்றம் ஒன்று கோஸ்டாரிகா நாட்டில் உள்ளது. முகமற்ற இராணுவ நீதிபதிகளால் தண்டிக்கப்பட்ட சிலி நாட்டினர் நால்வர் அங்கே முறையிட்டனர். இவர்கள் வேறோர் ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர்கள். 1999 மே மாதம் அந்நீதிமன்றம், அவ்விசாரணை செல்லாது, முறையான புதிய விசாரணை நடத்துக என்று தீர்ப்பளித்தது. புஜிமோரி சினந்து, அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தையே இனி ஏற்கமாட்டோம் என்றார். ஆனால் 2000 நவம்பரில் ஊழலால் அவர் ஆட்சி வீழ்ந்தது. குடியாட்சி மீண்டது, பெரு நாடு அந்நீதிமன்றத்தை மறுபடியும் ஏற்றது.

2003 ஜனவரி 3 அன்று பெரு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. பொதுமக்களை இராணுவ நீதிமன்றம் விசாரிப்பது அரசியலமைப்புக்கு முரண். எக்காலத்தும் மறு ஆய்வுக்கு இடந்தராத ஆயுள் தண்டனையும் முரண் என்பது அதன் சாரம். அப்படியானால் குஸ்மான் வெளியே வந்துவிடுவாரோ என்று மக்கள் அஞ்சினர். மகனை இழந்த தாய்க்கு அந்த அச்சம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்! நீதிமன்றம் அதையும் எண்ணியிருந்தது. பழைய விசாரணை செல்லாது என்பதால் சிறைக் கதவுகள் தாமே திறந்துவிடா. குறித்த காலத்துக்குள் முறையான சிவில் நீதிமன்றத்தில் மறுவிசாரணை நடக்க வேண்டும் என்று வகுத்தது. அதற்கேற்ப அரசாங்கம் புதிய சட்டங்களை வெளியிட்டது. தண்டனை நீங்கிற்று, குற்றச்சாட்டு நீங்கவில்லை.

இரண்டாம் விசாரணை 2004 நவம்பர் 5 அன்று கயாவ் கடற்படைத் தளத்தில் தொடங்கியது. இம்முறை முகமூடி இல்லை. நிருபர்கள் நிரம்பியிருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறையிலிருந்த குஸ்மான், நிருபர்களை நோக்கித் திரும்பி முட்டியை உயர்த்தினார். தோழர்களும் உடன் எழுந்து கட்சிக்கும் கொள்கைக்கும் வாழ்த்து முழங்கினர். நீதிபதிகள் செய்வதறியாது திகைத்தனர். அந்தக் காட்சி நாடெங்கும் தொலைக்காட்சியில் பரவியது. மக்கள் கொதித்தெழுந்தனர். சில நாள்களில் நீதிபதிகள் மூவரில் இருவர் விலகினர், விசாரணை குலைந்தது. முதல் விசாரணை இருட்டறையானதால் கெட்டது; இரண்டாவது நாடக மேடையானதால் கெட்டது. ஊரறிய நடத்தல் வேறு, ஒழுங்கின்றி நடத்தல் வேறு என்ற பாடத்தைப் பெரு நாடு கற்றது.

மூன்றாம் விசாரணை 2005 செப்டம்பர் 26 அன்று தொடங்கியது. பப்லோ தலவேரா என்பவர் தலைமை நீதிபதி. நிருபர்கள் அமர்ந்து கேட்கலாம். ஆனால் ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகளுக்கு இடமில்லை. ஓராண்டுக்கு மேல் விசாரணை நடந்தது. சாட்சிகள் வந்தனர், ஆவணங்கள் ஆராயப்பட்டன, வழக்கறிஞர்கள் வாதிட்டனர். இங்கே சட்டத்துக்கு ஒரு சிக்கல் எழுந்தது. குஸ்மான் தம் கையால் எவரையும் வெட்டியதாகச் சான்றில்லை. லுக்கானமார்க்காவில் கோடரி வீழ்ந்தபோது அவர் அங்கே இல்லை. ஆணையிட்டவரைக் கொலைகாரர் என்று எவ்வாறு கூறுவது?

கிளௌஸ் ராக்ஸின் என்னும் ஜெர்மானியச் சட்ட அறிஞர் 1963 இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். யூதர்களைக் கொன்றொழித்த ஏற்பாட்டை இயக்கிய ஐக்மன் என்பவனின் வழக்கு அப்போது உலகின் கவனத்தை ஈர்த்திருந்தது. கட்டுக்கோப்பான ஓர் அமைப்பின் உச்சியில் இருந்துகொண்டு அதனை ஆட்டுவிப்பவன், கத்தியை ஏந்தியவனுக்குத் துணை போனவன் மட்டும் அல்லன், அவனே கர்த்தா. ஏனெனில், அவ்வமைப்பில் ஒருவன் மறுத்தால் இன்னொருவன் அச்செயலைச் செய்வான். செய்பவன் மாறலாம், ஆட்டுவிப்பவன் மாறான். இக்கோட்பாட்டைக் கொண்டு நீதிமன்றம் குஸ்மானின் பொறுப்பை நிறுவியது. அவருடைய 1988 ஆம் ஆண்டுப் பேட்டி அவருக்கு எதிராகவே நின்றது. 2006 அக்டோபர் 13 அன்று குஸ்மானுக்கும் இபார்ராகிர்ரேக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குஸ்மானின் தண்டனையை உறுதி செய்தது.

அப்படியானால் பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே தண்டனைதானே கிடைத்தது? இவ்வளவு உழைப்பும் வீண்தானே என்று கேட்கலாம். வீணன்று. 1992 இல் குஸ்மான் தண்டிக்கப்பட்டார். 2006 இல் அவர் குற்றம் நிறுவப்பட்டது. முதல் தீர்ப்பு அவரைக் கூண்டில் அடைபட்ட வீரராகத் தொண்டர் கண்ணுக்குக் காட்டியது. இறுதித் தீர்ப்போ, லுக்கானமார்க்காவில் நிகழ்ந்தது என்ன, அதற்குப் பொறுப்பு யார் என்பதை மறுக்கவொண்ணாத முறையில் ஏட்டில் ஏற்றியது. அவ்வூர் மக்களுக்கு வேண்டியது கோடிட்ட உடையன்று. தங்களுக்கு இழைக்கப்பட்டது குற்றமே என்று நாடு அறிந்து சொல்லும் சொல்.

இன்னொரு பயனும் விளைந்தது. அதனை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். புஜிமோரி ஆட்சியில் 'கொலினா' என்னும் இரகசிய இராணுவக் குழு இயங்கியது. அது 1991 இல் பார்ரியோஸ் ஆல்த்தோஸ் பகுதியில் 15 பேரையும், 1992 ஜூலையில் லா கந்தூத்தா பல்கலைக்கழகத்து மாணவர் ஒன்பதின்மரையும் ஆசிரியர் ஒருவரையும் கொன்றது. அங்கும் புஜிமோரி தம் கையால் சுட்டவரல்லர். 2007 இல் சிலி நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அவரை, 2009 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றத் தனி அமர்வு 25 ஆண்டுச் சிறைக்குத் தீர்த்தது. எந்தக் கோட்பாட்டால்? குஸ்மானைத் தண்டித்த அதே கோட்பாட்டால்! கலகத் தலைவருக்கு ஓர் அளவுகோல், நாட்டுத் தலைவருக்கு வேறோர் அளவுகோல் என்றில்லை. குஸ்மானுக்கு முறையான விசாரணை மறுத்தவருக்கும் முறையான விசாரணை கிடைத்தது; முகமூடியற்ற நீதிபதிகள் முன்னிலையில், வழக்கறிஞர் துணையோடு, உலகறிய அவர் தம் தரப்பைக் கூறினார்.

2001 இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2003 ஆகஸ்டு 28 அன்று தன் அறிக்கையை அளித்தது. சலமோன் லெர்னர் என்னும் தத்துவப் பேராசிரியர் அதன் தலைவர். ஏறத்தாழ 17,000 சாட்சியங்கள் கேட்கப்பட்டன. 1980 முதல் 2000 வரை மாண்டவரும் மறைந்தவரும் 69,280 பேர் என்று அது மதிப்பிட்டது. ஆணையத்திடம் தெரிவிக்கப்பட்ட மரணங்களில் நூற்றுக்கு 54 'ஒளிரும் பாதை'யின் செயல். பலியானோரில் நால்வருக்கு மூவர் கெச்சுவா முதலிய மலைநாட்டு, காட்டு மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தத்துவப் பேராசிரியர் ஒருவர் மூட்டிய தீயின் கணக்கைத் தத்துவப் பேராசிரியர் ஒருவரே எழுத நேர்ந்தது. முன்னவர் மக்களைத் தம் கொள்கைக்கு எரிபொருளாகக் கண்டார். பின்னவர் ஒவ்வோர் உயிரையும் பெயர் சொல்லி எண்ண முயன்றார். கல்வி எதற்குப் பயன்படுகிறது என்பது கற்பவன் உள்ளத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தராத்தா குண்டு வெடிப்புக்காக 2018 செப்டம்பர் 11 அன்று குஸ்மானுக்கு இரண்டாவது ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 11 அன்று, தம் 86 ஆம் வயதில், கயாவ் கடற்படைத் தளச் சிறையிலேயே அவர் இறந்தார். அவர் கல்லறை வழிபாட்டிடமாகிவிடக் கூடாதென்று அரசாங்கம் தனிச் சட்டம் இயற்றி உடலை எரித்தது. சாம்பல் எங்கே தூவப்பட்டது என்பதும் வெளியிடப்படவில்லை. புஜிமோரி 2023 டிசம்பரில், முன்பு வழங்கப்பட்ட மன்னிப்பின் பேரில், எதிர்ப்புகளுக்கிடையே விடுதலையானார். அவரும் 2024 செப்டம்பர் 11 அன்று, அதே 86 ஆம் வயதில் காலமானார். பகைவர் இருவரின் இறுதி நாளும் ஒன்றாயிற்று.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை பல. வறுமையும் புறக்கணிப்பும் உண்மையானவை. அவற்றைக் கண்டு இளைஞர் உள்ளம் கொதிப்பது குற்றமன்று. ஆனால் எதிர்க் கேள்வியைப் பொறாத கொள்கை எதுவாயினும், அது இறுதியில் தான் காக்க வந்த மக்களையே வெட்டும். இது கலகத் தலைவருக்கும் பொருந்தும். விசாரணை வேண்டா, முகமூடி போதும் என்ற ஆட்சித் தலைவருக்கும் பொருந்தும். இருவரும் எதிர்த்தரப்பின் சொல்லைக் கேட்க மறுத்தவர்களே. நீதிமன்றம் என்பது எதிர்த்தரப்பின் சொல்லைக் கேட்பதற்கென்றே மனித சமுதாயம் ஏற்படுத்திய இடம். அங்கே மிகக் கொடியவன் சொல்லும் கேட்கப்பட வேண்டும். அவன் பொருட்டாக மட்டும் அன்று. அவனுக்கு மூடப்படும் கதவு, அஞ்சிச் சோறிட்ட உழவனுக்கும் மூடப்பட்டுவிடுகிறது. பெரு நாடு பெருவிலை கொடுத்து இதனை உணர்ந்தது. அந்த விலையைக் கொடாமலே நாம் உணர்ந்துகொள்ளலாம்.